தீவில் வாழ்கிறோம், மிதக்கத் தெரியவில்லை

பினாங்கில் எந்தத் திசையில் நடந்தாலும் இறுதியில் கடல்தான் வந்து நிற்கும். ஆயினும், “நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று என் வகுப்பில் கேட்டால் உயரும் கைகளை எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்களே போதும். பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் அந்த விரல்களும் மிஞ்சிவிடும்! மலையடிவாரத்தில் பிறந்தவன் மலையேறத் தெரியாது என்றால் நகைப்போம். தீவில் பிறந்தவன் தண்ணீரில் மிதக்கத் தெரியாது என்றால் மட்டும் நாம் ஏனோ நகைப்பதில்லை.

நானும் என் கணவரும் சில ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறைகளில் நம் நாட்டுத் தீவுகளுக்குச் சென்று வருகிறோம். மகிழுந்தை வீட்டில் நிறுத்திவிட்டு விரைவுப் பேருந்திலும் படகிலும் போய்வருவதே எங்கள் வழக்கம். தீவை அடைந்ததும் ‘ஸ்நோர்க்கலிங்’ எனப்படும் மூச்சுக்குழல் நீச்சல். முகத்தில் கண்ணாடி, வாயில் குழல், தண்ணீரில் குப்புற மிதந்தபடி கடலடியைக் காணுதல், அவ்வளவே. இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், “ஏன் டீச்சர், தண்ணில மூஞ்ச வைக்கிறதுக்கா ஏழெட்டு மணி நேரம் பஸ்ல போனீங்க?” என்றார். அதே உறவினர் ஆண்டுதோறும் தமிழகக் கோயில்களுக்குச் சுற்றுலா போய்வருபவர். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், சொந்த நாட்டுக் கடலைக் காணப் போவது மட்டும் பணத்தை வீணாக்கும் வேலையாக அவருக்குத் தோன்றுவது ஏன் என்று சிந்தித்துப் பார்க்கிறேன்.

கணவனும் மனைவியுமாகத் தீவு தீவாகப் போய்வரும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்ற வேண்டும். ஆனால், படகில் கால் வைப்பதற்கு முன்பே இருவரும் மிதக்கக் கற்றிருக்க வேண்டும். இதுவே நான் இங்கு வலியுறுத்த விரும்புவது. முதற்பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டு அடுத்ததைத் தட்டிக்கழிப்போர் தங்களுக்கும் தீங்கு செய்கிறார்கள், கடலுக்கும் தீங்கு செய்கிறார்கள்.

நமக்கும் கடலுக்குமான உறவு எங்கே அறுந்தது? பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பசுமையாகத் தெரியும் ஜெரஜாக் தீவைப் பார்த்திருப்பீர்கள். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோருள் பலர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது அங்கேதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலம் தொட்டு அது நோய்த்தடுப்புக் காவல் நிலையமாக இருந்தது. கப்பலில் வந்தவர்களை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று உறுதியான பின்னரே வெளியே விட்டார்கள். தொழுநோயாளிகளின் குடியிருப்பும் அதே தீவில் இருந்தது. பின்னர் 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாயிற்று. ஆக, நம் பாட்டன் பாட்டிக்குத் தீவு என்ற சொல் எதை நினைவூட்டியிருக்கும்? அடைத்து வைக்கும் இடத்தைத்தான்!

கடலும் அவ்வாறே. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் பல பத்தாண்டுகள் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளப் பயணம் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும். வாந்தி, நெரிசல், பிரிவு ஆகியவையே அவர்கள் கண்ட கடல். இறங்கியதும் இரப்பர்த் தோட்டங்களுக்குள் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். தோட்டத்தில் கிணறு உண்டு, ஓடை உண்டு, கடல் ஏது? பிற்காலத்தில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்தோம். கடற்கரையருகே அடுக்குமாடியில் குடியேறியும் ஓடைக்கரை மனத்தோடுதான் வாழ்கிறோம். மாசி மகத்தன்று தெலுக் பகாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் விழாவுக்குப் பெருந்திரளாகப் போகிறோம். கடலில் விளக்கேற்றி விடுகிறோம். முழங்கால் நனைந்ததும் திரும்பிவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு, இதில் நம் குற்றம் எதுவும் இல்லை. நம் பினாங்குக் கடல் கலங்கலானது. எதிரே பெருநிலத்து ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பத்து பெரிங்கியில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. சொறிமீன் தொல்லை வேறு. எனவே, கடலுக்கடியில் காண எதுவும் இல்லை என்று நம்மவர் முடிவு கட்டியதில் வியப்பில்லை. தெளிந்த நீரைக் காணச் சற்றுத் தொலைவு போகத்தான் வேண்டும்.

அந்தத் தொலைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரைக்குப் போகும் பேருந்து குளிம், பாலிங் வழியாகக் கிரிக்கை அடைந்து, அங்கிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறது. 1982இல் திறக்கப்பட்ட சாலை அது. அதற்கு முன்பு, வடக்கே உள்ள நாம் கிளந்தானுக்குச் சாலைவழிப் போவதென்றால் தெற்கே பெருஞ்சுற்றுச் சுற்றித்தான் போக வேண்டும். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் அச்சத்துக்கிடையே காட்டை வெட்டிப் போட்டார்கள். இன்றும் இருபுறமும் அடர்காடு, யானைகள் கடக்கும் இடமென்று எச்சரிக்கும் பலகைகள், தெமெங்கோர் ஏரியின்மேல் பாண்டிங் பாலம், மேகம் தவழும் வளைவுகள் என்று சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தூக்கமே வராது. வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசிக்கொள்ளாத கணவன் மனைவிக்கு இந்த ஏழெட்டு மணி நேரம் எத்தகைய கொடை என்பதைப் போனவர்களே அறிவர். பட்டர்வொர்த்தில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைக் கிரிக்கில் பிரிப்பதற்குள் மாமியார் கதை, பள்ளிக் கதை, கடன் கதை எல்லாம் பேசி முடித்திருப்போம்.

ஆனால், இச்சாலையின் அழகை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையாகாது. 2025 ஜூன் 9ஆம் நாள் பின்னிரவில், இதே நெடுஞ்சாலையில் கிரிக் அருகே ஒரு பேருந்து கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்து மாணவர் 15 பேர் மாண்டனர். திரங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. அதன் பின்னர், 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விதி வந்தும் வாரை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உறங்குவோரை நான் காண்கிறேன். இரவுப் பேருந்தில் போனால் ஒருநாள் தங்கும் செலவு மிச்சம் என்பது பலரது கணக்கு. என் கணக்கு வேறு. மலைச்சாலையைப் பகலில்தான் கடக்க வேண்டும். ஒருநாள் வாடகை கூடுதலாகப் போனால் போகட்டும்.

கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் அரை மணி அல்லது முக்கால் மணி நேரத்தில் பெர்ஹெந்தியான் தீவுகள். மொழியாசிரியைக்கு ஒரு சிறு மகிழ்ச்சி இங்கே காத்திருந்தது. ‘பெர்ஹெந்தியான்’ என்றால் மலாயில் நிற்குமிடம், தங்குமிடம் என்று பொருள். பேருந்து நிறுத்தத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அக்காலக் கடலோடிகள் தங்கிப்போன நிறுத்தம் போலும். பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிய எங்கள் பயணம் நடுக்கடலில் இன்னொரு நிறுத்தத்தில் போய் நின்றது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

தீவில் காலையில் ஒரு படகு உங்களை ஏற்றிக்கொண்டு இடம் இடமாகப் போகும். ஆமை மேயும் குடா, சுறா உலவும் முனை, பவளத் தோட்டம், மீனவர் சிற்றூர் எனப் பிற்பகல் வரை சுற்றல். ஒவ்வோரிடத்திலும் முக்கால் மணி நேரம் தண்ணீரில் விடுவார்கள். எல்லாருக்கும் மிதவை அங்கி தருகிறார்கள். மிக நல்லது, அதைக் கழற்றவே கூடாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மிதவை அங்கி உங்களை மூழ்கவிடாது. ஆனால், நீந்தத் தெரியாதவரை அது தண்ணீரில் நெட்டுக்குத்தாக நிறுத்திவிடும். குப்புற மிதக்கப் பழகாதவருக்குக் கண்ணாடிக்குள் சிறிது நீர் புகுந்ததுமே பதற்றம் வருகிறது. கால்கள் தரையைத் தேடுகின்றன. அந்த ஆழமில்லாத நீரில் அவர் காலுக்குத் தட்டுப்படும் ‘தரை’ எது தெரியுமா? பவளம்!

ஒரே முற்பகலில் பதினைந்து இருபது பேர் ஒரே பவளத் திட்டின்மேல் ஏறி நின்று முகம் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நம்மவரும் இருந்தனர், மற்ற இனத்தவரும் இருந்தனர். தீய எண்ணம் யாருக்கும் இல்லை. பாறை என்று நினைத்தார்கள். நம் மொழியும் ‘பவளப்பாறை’ என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறது? தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் கடலடித் திட்டைப் ‘பார்’ என்பர். முத்துக் குளித்த இடங்களுக்கும் அதுவே பெயர். பவளப்பார் என்று சொல்லிப் பழகியிருந்தால் ஒருவேளை ஏறி நிற்கத் தயங்கியிருப்போமோ என்னவோ!

பவளம் பாறையன்று. மிகச்சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பு வீட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. மேலே மெல்லிய தோல் போலத் தெரிவதே உயிர்ப்பகுதி. அத்தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியைக் கொண்டு உணவாக்கிப் பவளத்திற்கு ஊட்டுகின்றன. நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. உருண்டு திரண்ட வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். கால்பந்து அளவுள்ள ஒன்றின்மேல் நீங்கள் நின்றால், உங்கள் மூத்த மாணவனைவிட வயதான ஓர் உயிரின்மேல் நிற்கிறீர்கள் என்று பொருள்.

போதாக்குறைக்குக் கடல் சூடேறுகிறது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். உடனே இறந்துவிடுவதில்லை. நீர் குளிர்ந்தால் தேறிக்கொள்ளும், தேறும்வரை பட்டினி. 2010இல் இவ்வாறு வெளிறியபோது கெடா, திரங்கானு, பகாங் கடல் பூங்காக்களில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசு சில மாதங்கள் மூடியது. 2024இல் மீண்டும் பெரிய அளவில் வெளிறியது. கிழக்குக் கரையில் பவளங்களில் பாதிக்கு மேல் பாதிக்கப்பட்டதாக மீன்வளத்துறை அறிவித்தது. உலகம் சூடாவதைப் பினாங்கில் இருந்துகொண்டு நானோ நீங்களோ தனியாக நிறுத்திவிட முடியாது. ஆனால், பட்டினி கிடந்து தேறப் போராடும் உயிரின்மேல் ஏறி நிற்காமல் இருக்க முடியும் அன்றோ? அதற்குத் தேவை அறிவுரைப் பலகை அன்று. மிதக்கத் தெரிந்த உடல். பதறுகிறவரிடம் “பவளத்தைத் தொடாதீர்” என்று சொல்லிப் பயனில்லை. மூச்சுக்குத் தவிப்பவர் எதன்மேலும் நிற்பார்.

மனித உயிருக்கும் இதே கணக்குதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. நம் நாட்டிலும் ஒவ்வொரு விடுமுறையிலும் அருவியிலும் ஆற்றிலும் கடலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தி வருகிறது. அப்போது “தண்ணீர்ப் பக்கமே போகாதே” என்று அடுத்த பிள்ளையை அதட்டுகிறோம். அதட்டப்பட்ட பிள்ளை நண்பர்களோடு ஒளிந்து போகிறான். நீந்தவும் தெரியாமல், சொல்லவும் பயந்து!

மனைவிமார் பற்றியும் பேச வேண்டும். நம் குடும்பங்கள் தீவுக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கணவர் தண்ணீரில் இறங்குவார், மனைவி கரையில் துண்டையும் கைப்பேசியையும் காத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். கேட்டால் உடை, கூச்சம், நிறம் கறுத்துப்போகும் என்று காரணங்கள் வரிசையாக வரும். உடை ஒரு காரணமே அன்று. மலாய்ப் பெண்கள் தலை முதல் கால் வரை மூடிய நீச்சல் உடையில் எவ்வளவு இயல்பாகக் கடலில் இறங்குகிறார்கள் என்பதை நாம் கண்முன் காண்கிறோம். அத்தகைய முழுக்கை உடையை நானும் அணிகிறேன். வெயில் தடுப்புக் களிம்புக்கு அதிகம் வேலையில்லாமற் போவது கூடுதல் நன்மை. களிம்பில் உள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்திற்குக் கேடு என்று சொல்லித் தாய்லாந்து தன் கடல் தேசியப் பூங்காக்களில் 2021இல் அவற்றைத் தடைசெய்தது.

தமிழ்ப் பெண்ணுக்குக் கடல் பழக்கமில்லை என்பதும் உண்மையன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் அருகே உள்ள சின்னப்பாலம் போன்ற மீனவர் ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் முக்குளித்துப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்பது அவற்றுள் ஒன்று. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று. இவ்வளவுதான் அவர்களது கருவிகள். குழல்கூட இல்லை, மூச்சை அடக்கித்தான் இறங்குகிறார்கள். அவர்களுள் ஒருவரான இலட்சுமி மூர்த்தி, தீவுச் சூழலைக் காத்தமைக்காக அமெரிக்காவின் ‘சீகாலஜி’ அமைப்பின் பரிசை 2015இல் பெற்றார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தை ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். அத்தீவுகளுள் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. அந்தக் கடலில் நாள்தோறும் இறங்கும் பெண்கள்தாம், எந்த நாட்களில் பாசி எடுக்கலாம், எப்போது விட்டுவைக்க வேண்டும் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் கண் திறந்து பார்த்தவர்களுக்கு அக்கறை வந்தது. கரையில் துண்டு காக்கும் நமக்கு அது எப்படி வரும்?

நானும் என் கணவரும் நாற்பதைத் தாண்டிய பின்னரே குளத்தில் இறங்கினோம். பயிற்றுநர் முதலில் நீந்தச் சொல்லித்தரவில்லை. முகத்தை நீரில் வைத்து மூச்சை வெளியே விடவும், குப்புற மிதக்கவும், மல்லாந்து மிதந்து இளைப்பாறவும் சொல்லித்தந்தார். பத்துப் பன்னிரண்டு வகுப்புகளில் அது வந்துவிட்டது. வேகமாக நீந்த இன்றும் எனக்கு வராது. மூச்சுக்குழல் நீச்சலுக்கு வேகம் தேவையே இல்லை. படுத்துக் கிடக்கத் தெரிந்தால் போதும். பின்னர், மிதவை அங்கியையும் கண்ணாடியையும் குழலையும் அதே குளத்திற்குக் கொண்டுபோய் மார்பளவு நீரில் நின்று பழகினோம். கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றும் வித்தை ஒன்று உண்டு. அதைக் கடலில் முதன்முறையாக முயல்வதைவிடக் குளத்தில் இருபது முறை செய்துவிட்டுப் போவது அறிவுடைமை.

கணவன் மனைவி சேர்ந்து கற்பதில் ஒரு நன்மை உண்டு. கடலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மிதக்க வேண்டும். வாயில் குழல் இருப்பதால் பேச முடியாது. கையசைவுதான் மொழி. நலம், திரும்புவோம், அங்கே பார். மூன்றே குறிப்புகள் போதும். வகுப்பில் நாள் முழுதும் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோகும் எனக்கு இந்தப் பேச்சற்ற முக்கால் மணி நேரம் பிடித்திருக்கிறது. ஆமை ஒன்று கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. மூச்சு விட மெல்ல மேலே வந்தது. நாங்கள் விலகி வழிவிட்டோம். அந்த நேரத்தில் சுற்றி வளைத்துக்கொண்டு படம் எடுப்போரால் அது மூச்செடுக்காமலே திரும்ப நேர்வதுண்டு.

ஆசிரியர்களுக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் நாள் பார்ப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. எனவே நீண்ட விடுமுறை ஆண்டிறுதியில் வருகிறது. அதுவோ கிழக்குக் கரையில் பருவமழைக் காலம். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் தங்குவிடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும், கடலும் கொந்தளிக்கும். சலுகை விலை என்று யாரேனும் அழைத்தாலும் போகாதீர்கள். மே மாத இறுதியில் தொடங்கும் ஆண்டிடை விடுமுறையே நமக்கு வாய்ப்பு. அப்போது கூட்டம் மிகும் என்பதால் பேருந்துக்கும் விடுதிக்கும் முன்கூட்டியே பதிந்துகொள்வது நலம்.

முதன்முறை போவோருக்குக் கிழக்குக் கரைவரை போக வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் பக்கத்திலேயே, கெடாக் கடலில் பாயார் தீவு இருக்கிறது. 1994இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா. இரவில் தங்க விடுதி கிடையாது, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியதுதான். கரையோர ஆழமில்லா நீரிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் திரியும். கடிக்குமோ என்று அஞ்ச வேண்டாம், அவை நம்மைக் கண்டு விலகி ஓடுபவை. மீனுக்கு ரொட்டி போடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இவ்வாண்டு எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பள்ளி இறுதிச் சுற்றுலாவுக்குக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதற்குப் பதில், அந்தப் பணத்தில் பத்து நீச்சல் வகுப்புகள் நடத்தலாமே என்று கேட்கவிருக்கிறேன். எதிர்ப்பு வரும் என்று தெரியும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் கிடைப்பாரா என்ற கேள்வி முதலில் எழும். அது நியாயமான கேள்விதான். அதற்காக இப்போதே இரண்டு குளங்களில் விசாரித்து வைத்திருக்கிறேன்.